எம்எல்ஏ சம்பளத்தைப் பற்றிச் சண்டை போடுவதற்கு முன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

எம்எல்ஏ சம்பளத்தை ஏற்றிவிட்டார்கள் என்று ஒரு செய்தி வந்தால் போதும், மன்னார்குடியிலிருந்து மயிலாடுதுறை வரை எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே பாட்டுதான். "சேவை செய்ய வந்தவனுக்கு எதுக்குய்யா சம்பளம்?" என்று ஒருத்தர் ஆரம்பிப்பார். "நல்ல சம்பளம் கொடுத்தா ஏன் கமிஷன் அடிக்கப்போறான்?" என்று இன்னொருத்தர் எதிர்ப்பாட்டு. மூன்றாவது ஆள் எம்எல்ஏவுக்குக் கல்லூரி இருக்கிறது, ரைஸ்மில் இருக்கிறது, அதையெல்லாம் மூடச் சொல்லுங்கள் என்பார். மூன்று பேருமே எம்எல்ஏ என்ன வாங்குகிறார் என்று பார்த்திருக்க மாட்டார்கள். பார்ப்பது அவ்வளவு கஷ்டமும் இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு போன், ஒரு பேப்பர், பேனா இருந்தால் ஆச்சு. எப்படி என்று சொல்கிறேன். என் அபிப்பிராயமும் நடுவில் வரும், பிடிக்காவிட்டால் தாண்டிப் போங்கள்.

முதலில் எது சம்பளம், எது சம்பளமில்லை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

2017 ஜூலையில் தமிழ்நாட்டு எம்எல்ஏவின் மாத வரவு 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆனது. "டபுள் ஆக்கிட்டாங்க" என்று அன்றைக்குக் கத்தியது ஞாபகம் இருக்கும். இதில் சம்பளம் என்ற பெயரில் வருவது 30,000 மட்டும், அதற்கு முன்னால் அது வெறும் 8,000. மீதி எல்லாம் படி: தொகுதிப்படி 25,000, வாகனப்படி 25,000, ஈட்டுப்படி 10,000, தொலைபேசிக்கு 7,500, தொகுப்புப்படி 5,000, தபாலுக்கு 2,500. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

எம்பி கணக்கு வேறு. 2025 மார்ச்சில் வந்த அறிவிப்புப்படி மாதச் சம்பளம் 1 லட்சத்திலிருந்து 1,24,000 ஆனது, அதுவும் 2023 ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டு. தொகுதிப்படி 87,000, அலுவலகச் செலவுக்கு 75,000, அமர்வு நடக்கும் நாளுக்கு 2,500. இது விலைவாசிக் குறியீட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. 2018-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அது தானாக ஏறும், யாரும் எழுந்து நின்று எனக்கு ஏற்றுங்கள் என்று கேட்க வேண்டியதில்லை. எம்எல்ஏவுக்கு அப்படி இல்லை. அரசியல் சாசனத்தின் 195-வது பிரிவு அந்த அதிகாரத்தைச் சட்டமன்றத்துக்கே கொடுத்துவிட்டதால், தங்களுக்கான மசோதாவைத் தாங்களே கொண்டுவந்து தாங்களே கை தூக்குகிறார்கள். 2017-ல் ஏற்றியதற்கான மசோதா 2018 ஜனவரியில் சபைக்கு வந்த வாரம், அரசு பஸ் தொழிலாளர்கள் சம்பள ஒப்பந்தம் கேட்டு மாநிலம் முழுக்க வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் வண்டி இல்லாமல் நின்ற ஜனத்துக்கு அந்த மசோதா எப்படிப் பட்டிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஏற்றிய தொகை நியாயமாகவே இருந்தாலும், தன் கூலியைத் தானே எழுதிக்கொள்கிற அந்த முறை இருக்கிறதே, அதுதான் ஜனங்களை எரிச்சல்படுத்துகிறது. பிரிட்டனில் 2009-ல் எம்பிக்களின் செலவுக் கணக்கு ஊழல் வெடித்த பிறகு இந்த வேலையை ஒரு தனி அமைப்பிடம் கொடுத்துவிட்டார்கள். நாமும் செய்யலாம்.

இன்னொன்று, தொகுதி மேம்பாட்டு நிதியைச் சம்பளத்தோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். வருஷத்துக்கு 3 கோடி எம்எல்ஏ கைக்குப் போகிறது என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் வேலையைப் பரிந்துரைக்கிறார், அனுமதி கொடுப்பதும் பணம் விடுவிப்பதும் கலெக்டர் அலுவலகம். அதில் கமிஷன் உண்டா இல்லையா என்பது தனிக் கதை.

சம்பளத்தை வைத்து யோக்கியதையை அளக்காதீர்கள்

1991-ல் முதல்வரான ஜெயலலிதா மாதம் 1 ரூபாய் சம்பளம் வாங்கினார். அந்த 1991–96 ஆட்சிக்காலத்துச் சொத்துக்காகத்தான் 2014-ல் பெங்களூரு தனி நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது. 2015-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தனி நீதிமன்றத் தீர்ப்பைத் திரும்ப நிலைநிறுத்தியபோது அவர் உயிரோடு இல்லை, அதனால் அவர் மீதான வழக்கு மட்டும் அற்றுப்போனது.

சரி, எதிர்ப்பக்கம் போவோம். நம்ம பக்கத்து வீடுகளில் பாதிக்குப் பாதி சிங்கப்பூர் சம்பாத்தியம்தான், அதனால் அங்கே மந்திரிக்கு என்ன சம்பளம் என்று யாரையாவது கேட்டாலே தெரிந்துவிடும். 2012-ல் திருத்திய அளவுப்படி ஆரம்பநிலை மந்திரிக்கே வருஷத்துக்குச் சுமார் 11 லட்சம் சிங்கப்பூர் டாலர். உலகத்திலேயே அதிகம் கொடுக்கும் இடங்களில் ஒன்று, காரணமாகச் சொல்வதும் அதேதான்: நல்ல ஆட்கள் வர வேண்டும், கை நீட்டக் கூடாது. அந்த ஊரில் போக்குவரத்து மந்திரியாக இருந்த எஸ்.ஈஸ்வரன், தொழிலதிபர்களிடம் கார்ப்பந்தய டிக்கெட், விஸ்கி, மடக்கு சைக்கிள் என்று பரிசு வாங்கிய குற்றத்துக்காகவும் நீதி விசாரணைக்கு இடையூறு செய்ததற்காகவும் 2024 அக்டோபரில் 12 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். சைக்கிள் வாங்கக் காசில்லாமலா? ஆனால் ஒன்று, அங்கே மாட்டினால் மந்திரியும் உள்ளே போகிறார். அந்தப் பயம்தான் அங்கே வேலை செய்கிறதே ஒழிய, சம்பளம் மட்டும் இல்லை.

ஒரு ரூபாய்க்காரரும் சரி, பதினோரு லட்சக்காரரும் சரி, சம்பளத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வேறு எங்கே பார்ப்பது? வேட்புமனுவில்.

படிவம் 26-ஐ எடுங்கள்

வேட்புமனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் சத்தியம் செய்து கொடுக்கிற பிரமாணப் பத்திரத்துக்குப் பெயர் படிவம் 26. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் தேர்தல், மாநிலம், தொகுதி தேர்ந்தெடுத்தால் ஸ்கேன் செய்த பிரதி வரும். கையெழுத்தும் நோட்டரி முத்திரையும் சேர்ந்து சில பக்கம் படிக்கவே முடியாது, பொறுமையாகப் பெரிதாக்கிப் பாருங்கள். மைநேட்டா என்ற தளத்தில் சுருக்கமும் கிடைக்கும், ஆனால் மூலத்தைப் பார்ப்பதுதான் நல்லது.

கடைசிப் பக்கங்களுக்குப் பக்கத்தில் 9 என்ற எண் வரும். அங்கே வேட்பாளரின் தொழில், மனைவி அல்லது கணவரின் தொழில். அடுத்து 9அ, வருமானம் எங்கிருந்து வருகிறது என்பது. அதற்கடுத்து 9ஆ, அரசாங்கத்தோடு என்னென்ன ஒப்பந்தம் வைத்திருக்கிறார் என்பது. இதில் அவர் பெயர் மட்டுமில்லாமல் துணைவர், சார்ந்திருப்போர், பங்குள்ள நிறுவனங்கள் எல்லாம் வர வேண்டும். முதல் பக்கங்களில் ஐந்து வருஷ வருமான வரிக் கணக்கு இருக்கும். இதெல்லாம் ஆதியிலிருந்தே இருந்ததில்லை. சொத்து, வழக்கு விவரம் கேட்கும் உரிமையே 2002–03 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் வந்தது, ஐந்து வருஷக் கணக்கு 2019-லிருந்துதான்.

டெல்டா வேட்பாளர்களின் பத்திரத்தில் தொழில் என்ற இடத்தில் நீங்கள் அதிகம் பார்க்கப்போகிற வார்த்தை "விவசாயம்". அதில் தப்பில்லை, இது நெல் விளைகிற பூமி. ஆனால் விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது, அதனால் வரிக் கணக்கில் காட்டும் மொத்த வருமானத்தில் அது சேராது. அதாவது ஒருத்தர் கைக்கு எங்கிருந்தோ வந்த பணம் எல்லாம் "விவசாயத்தில் வந்தது" என்று சொல்லிவிட்டால், அதைப் பிடிக்கக் கூடியவர்கள் இரண்டே பேர், ஒன்று வருமான வரித் துறை, இன்னொன்று நெல் போட்டுப் பார்த்த நீங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். வேட்பாளருக்குப் பாபநாசம் பக்கம் 8 ஏக்கர் நஞ்சை என்று வைத்துக்கொள்ளுங்கள் (கற்பனை ஆள்தான், யாரையும் தேட வேண்டாம்). ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 35 மூட்டை கண்டால் அது நல்ல மகசூல். அது 21 குவிண்டால். 2025–26-ல் அரசு கொள்முதல் நிலையத்தில் சன்னரகத்துக்கு ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், ஆக ஏக்கருக்கு 53,445. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து, தண்ணீர் கடைமடை வரைக்கும் வந்து, குறுவையும் சம்பாவும் இரண்டுமே தப்பிப் பிழைத்தால் ஏக்கருக்கு ஒரு லட்சத்து ஏழாயிரம், எட்டு ஏக்கருக்கு எட்டரை லட்சம். உழவு, நாற்று, நடவு, உரம், களை, அறுப்பு மெஷின் வாடகை எல்லாம் போனால் கையில் பாதி நின்றாலே பெரிய விஷயம். இந்த ஆளின் வங்கி இருப்பும் நகையும் காரும் ஐந்து வருஷத்தில் ஒரு கோடி ஏறியிருந்தால், அது நெல்லில் வரவில்லை. வெற்றிலைக் கொடிக்காலாக இருக்கலாம், வாழையாக இருக்கலாம், வேதாரண்யம் பக்கம் இறால் குட்டையாகவும் இருக்கலாம். ஆனால் கேட்கலாம் இல்லையா?

ஏறியது எவ்வளவு என்று கண்டுபிடிக்க இரண்டு பத்திரம் வேண்டும், போன தேர்தலுக்கு ஒன்று, அதற்கு முந்தினதுக்கு ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்து, நிலத்தைத் தனியாக எடுத்துவிடுங்கள், ஏனென்றால் பைபாஸ் ரோடு வந்தால் ஒரு ரூபாயும் போடாமலே நிலத்தின் மதிப்பு மூன்று மடங்காகும், அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. அதே சர்வே எண் இரண்டு பத்திரத்திலும் இருந்தால் அது பழைய நிலம். புதுசாக ஒரு சர்வே எண் முளைத்திருந்தால் அதற்குக் கீழே வாங்கிய தேதியும் வாங்கிய விலையும் போட்டிருக்க வேண்டும். அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வங்கி, நகை, வண்டி, பங்குகளில் ஏறியதைக் கூட்டி, கடன் எவ்வளவு கூடியது என்பதைக் கழியுங்கள். அதற்கு எதிரில் ஐந்து வருஷ வரிக் கணக்கு வருமானத்தையும், எம்எல்ஏவாக இருந்திருந்தால் 1,05,000 வீதம் அறுபது மாசத்துக்கு 63 லட்சத்தையும் வையுங்கள் (ஒரு பகுதி வரிக் கணக்கில் ஏற்கெனவே வந்திருக்கும், எம்எல்ஏ சம்பளம் "இதர வருமானம்" என்ற தலைப்பில்தான் போகும், இரண்டு தடவை சேர்க்காதீர்கள்). மிச்சம் இடிக்கிறதா என்று பாருங்கள். நிலத்தின் பட்டா, அ-பதிவேடு (கிராமத்து நிலக் கணக்கு) விவரத்தைத் தமிழக அரசின் நில இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்துப் பார்த்துவிடலாம். நஞ்சை என்று போட்டது புஞ்சையாக இருக்கிறதா, எட்டு ஏக்கர் ஆறு ஏக்கரா என்பது அங்கே தெரியும்.

இடித்தால் உடனே திருடன் என்று போஸ்ட் போடாதீர்கள். இடிக்கிறது என்றால் கேள்வி இருக்கிறது, அவ்வளவுதான். மாமனார் சொத்து வந்திருக்கலாம். பொய்யான பிரமாணப் பத்திரத்துக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125அ-வின் கீழ் ஆறு மாதம் வரை சிறை உண்டு, ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது கோர்ட்டில், வாட்ஸ்அப்பில் இல்லை.

இரண்டாவது தொழில்: எதைக் கேட்பது, எதை விடுவது

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். சட்டத்தில் எம்எல்ஏவோ எம்பியோ வேறு தொழில் செய்யக் கூடாது என்று பொதுவாக ஒரு தடையும் இல்லை. வக்கீல் தொழில் செய்யலாமா என்று வழக்கே போய், 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் செய்யலாம் என்று சொல்லிவிட்டது, எம்எல்ஏ என்பவர் முழுநேரச் சம்பள ஊழியர் இல்லை என்ற காரணத்தால். திருக்குவளையில் பிறந்த கருணாநிதி முதல்வராக இருந்தபோதே சினிமாவுக்குத் திரைக்கதை எழுதினார். சிங்கப்பூரிலேயே மந்திரியாக இல்லாத எம்பிக்களில் பெரும்பாலோர் வேறு வேலையில் இருப்பவர்கள்தான்.

எனக்கும் இதில் ஆட்சேபம் இல்லை. சொந்த வயலில் இறங்கி நட்டுக்கொண்டிருக்கிற எம்எல்ஏவுக்குக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று மூட்டையைத் திருப்பி அனுப்புகிற வேதனை தெரியும், அதைச் சட்டமன்றத்தில் பேசுவார். நான் கேட்கச் சொல்வது ஒரே ஒரு கேள்வி: அந்தத் தொழிலுக்குப் பணம் கொடுக்கிற கை எது? கொடுப்பது ஊர் ஜனம் என்றால் சரி. அரசாங்கம் என்றால், அல்லது அரசாங்கத்தின் கையெழுத்தை நம்பி நடக்கிற தொழில் என்றால், அப்போது உட்கார்ந்து பாருங்கள். நம்ம பக்கம் இந்தப் பட்டியல் பெரிசு: ஆறு வாய்க்கால் தூர்வாரும் வேலை, குளம் குட்டை சீரமைக்கும் குடிமராமத்து, கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு நெல் ஏற்றும் லாரி ஒப்பந்தம், நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு நெல் அரைத்துக் கொடுக்கும் அரவை ஆலை, சவுடு மண், மணல், தனியார் கல்லூரி.

சட்டம் இதைத் தொடுகிறது, ஆனால் நுனிவிரலால் தொடுகிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9அ பிரிவுப்படி, அரசாங்கத்துக்குப் பொருள் சப்ளை செய்யவோ வேலை எடுத்துச் செய்யவோ ஒப்பந்தம் வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது. நல்லது. ஆனால் எந்த அரசாங்கம்? எம்எல்ஏ என்றால் மாநில அரசு, எம்பி என்றால் மத்திய அரசு. ஆக ஒரு எம்பி மாநிலப் பொதுப்பணித் துறையில் வாய்க்கால் வேலை எடுத்தால் இந்தப் பிரிவில் மாட்ட மாட்டார். எம்எல்ஏ மத்திய அரசின் நெடுஞ்சாலை வேலை எடுத்தாலும் அப்படியே. தவிர, ஒப்பந்தம் தம்பி பெயரில் இருந்தால் சட்டம் தொடவே தொடாது. அதனால்தான் படிவம் 26-ல் 9ஆ பகுதியைப் பார்க்கச் சொன்னேன். அதில் "இல்லை" என்று இருந்து, ஊரில் ஓடுகிற டிப்பர் லாரியில் வேறு கதை எழுதியிருந்தால், அந்த வேலையின் தகவல் பலகையைப் போட்டோ எடுங்கள். தூர்வாரும் இடத்தில் வேலையின் பெயர், மதிப்பீடு எல்லாம் பலகையாக வைத்திருப்பார்கள், பெரும்பாலும் புதருக்குப் பின்னால்.

எம்பிக்கள் பதவியேற்ற 90 நாளில் சொத்துக் கணக்கைச் சபைக்குக் கொடுக்க வேண்டும், மாநிலங்களவையில் இயக்குநர் பதவி, சம்பளத்துக்கு ஆலோசனை போன்றவற்றுக்குத் தனிப் பதிவேடே உண்டு. அதே மாதிரி ஒன்று நம்ம சட்டமன்றத்துக்கும், வருஷா வருஷம் புதுப்பித்து, யாரும் கேட்காமலே இணையத்தில் கிடக்கிற மாதிரி இருந்தால், இரண்டாவது தொழிலைப் பற்றிய என் சண்டையில் முக்கால்வாசி முடிந்துவிடும்.

ஆனால் நிஜமாகவே சம்பளம் பத்தாதவர் யார்?

எல்லாரும் எம்எல்ஏவைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். கீழே பாருங்கள். 2023 ஜூலையிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம் மாதிரி மாநகராட்சி மேயருக்கு மாதம் 30,000, கவுன்சிலருக்கு 10,000. மன்னார்குடி மாதிரி நகராட்சித் தலைவருக்கு 15,000, கவுன்சிலருக்கு 5,000. பேரூராட்சிக் கவுன்சிலருக்கு 2,500. கிராம ஊராட்சித் தலைவருக்கு? 1,000-ஆக இருந்ததை 2022-ல் 2,000 ஆக்கினார்கள்.

எங்கள் பக்கத்து ஊராட்சியில் தலைவராக இருந்த அக்கா ஒருத்தர் காலையில் இரண்டு மாட்டில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டுத்தான் ஊராட்சி அலுவலகத்துக்கு வருவார். ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும்: "தலைவரே, டேங்க் மோட்டார் காயில் போயிடுச்சு, காலைல தண்ணி வராது." காயில் கட்டுகிறவனைப் பிடித்து, கைக்காசைக் கொடுத்து மோட்டாரை ஓட விட்டுவிட்டு, அந்தப் பில் பாஸாகக் காத்திருப்பார். பிடிஓ ஆபீசுக்குப் போய்வரும் பெட்ரோலுக்கே அந்த இரண்டாயிரம் காணாது. அவருக்குப் பால்மாடு இருந்தது. மாடும் இல்லாத, கூலிக்குப் போகிற ஒரு பெண் தனித்தொகுதியில் ஜெயித்து வந்தால் அவர் என்ன செய்வார்? ஒன்று, கூலியை விட்டுப் பட்டினி கிடக்க வேண்டும். இல்லையென்றால் ஊர்ப் பெரிய மனுஷன் ஒருத்தர் "நான் பாத்துக்குறேம்மா, நீ கையெழுத்துப் போடு" என்பார். செக் புத்தகம் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். சம்பளம் இல்லாவிட்டால் சேவை மனப்பான்மை உள்ளவர்கள் வருவார்கள் என்பதெல்லாம் மேடைப் பேச்சு, காசு உள்ளவரும் காசு உள்ளவரின் ஆளும்தான் வருவார்கள்.

அதனால் என் கட்சி இது: எம்எல்ஏவின் 1,05,000-ஐ ஏற்றுவதா குறைப்பதா என்பதை ஒரு தனி ஆணையம் பார்த்துக்கொள்ளட்டும். ஊராட்சித் தலைவருக்கு முதலில் ஒரு குடும்பம் சாப்பிடுகிற அளவுக்குக் கொடுங்கள்.

எம்எல்ஏவின் 63 லட்சத்துக்கே இன்னொரு பக்கமும் உண்டு. சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளர் சட்டப்படி 40 லட்சம் வரை செலவு செய்யலாம், ஐந்து வருஷச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பாகத்தை நெருங்குகிறது. சட்டத்துக்கு வெளியே எவ்வளவு என்று கேட்டால், 2016 மே மாதம் தஞ்சாவூரில் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலையே நிறுத்திவிட்டு நவம்பரில்தான் நடத்தினார்கள் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். கவர் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டுவிட்டு, பிறகு சம்பளம் ஜாஸ்தி என்று பேசுகிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

எங்கே, எப்படிக் கேட்பது

ஊராட்சி விஷயம் என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள். 2025 ஜனவரி 5-ல் நம்ம மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் கைக்குப் போனபோதும் கிராம சபை நிற்கவில்லை. "தலைவரின் மதிப்பூதியத்தை உயர்த்த அரசைக் கேட்டுக்கொள்கிறோம்" என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் போதாது, தீர்மான நோட்டில் ஏறியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், வெற்றுப் பக்கத்தில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

எம்எல்ஏ விஷயம் என்றால் தகவல் உரிமைச் சட்டம். மனுவை எம்எல்ஏவுக்குப் போடாதீர்கள், சட்டமன்றப் பேரவைச் செயலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். "எங்கள் எம்எல்ஏ நல்லவரா" என்கிற மாதிரி கேட்டால் பதில் வராது. இன்ன வருஷம் இன்ன மாசத்திலிருந்து இன்ன மாசம் வரை இன்ன தொகுதி உறுப்பினருக்கு வழங்கப்பட்ட சம்பளம், படிகள் தலைப்பு வாரியாக என்று ஒரு கேள்வி, உறுப்பினர்கள் தங்கள் தொழில், வணிக நலன்களைத் தெரிவிக்கப் பேரவையில் பதிவேடு ஏதும் பராமரிக்கப்படுகிறதா, ஆம் எனில் அதன் நகல் என்று இன்னொன்று. இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நீளமாகக் கேட்டால் அந்தச் சாக்கிலேயே பாதியை விட்டுவிடுவார்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதையும் மனுவின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அதே செயலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.